ஙு

ஜெனீவாவுக்கு எழுநூறு சொற்கள் போதும் என்கிறது சுற்றறிக்கை.
எழுநூற்றொன்றாவது சொல்லைப் படிக்க
அங்கே யாருக்கும் நேரமில்லை.

உத்தம் நகர் கிழக்கில் இறங்கி
ஈ-ரிக்‌ஷாவில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து
விகாஸ்புரியில் ஒரு மூன்றாம் மாடிக்குப் போனேன்.
ஜூன் மாதம். குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும்.
அவள் தன் மலையின் மொழியில் சொன்னாள்.
மகன் பியாக் அதை இந்தியில் சொன்னான்,
திருகாணிப் பட்டறையில் கற்ற இந்தி, பாதி வசவு.
நான் அதை ஆங்கிலத்தில் தட்டினேன்.
அங்கே யாரோ பிரெஞ்சில் கேட்பார்கள்.
நடுவில் எங்கோ ஒருமுறை
தமிழிலும் நடந்தது எல்லாம்,
எனக்கு மட்டும் கேட்கும்படி.

குன்றின் மேலிருந்த சிலுவையை
நட்டவர்களையே பிடுங்கவைத்தார்கள் சிப்பாய்கள்.
இதை வைத்துக்கொண்டேன்.
நல்ல தேக்கு, வீணாகக் கூடாதென்று
பக்கத்து வீட்டார் இரவோடிரவாகத் தூக்கிப்போய்ப்
பன்றிக்கொட்டிலுக்கு உத்தரம் போட்டார்களாம்.
சொல்லிவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள்.
பன்றிக்கொட்டிலை வெட்டினேன்.
சிரிப்பை வெட்டினேன்.

இரவு பத்தரைக்குச் சந்தை கலைந்தபின்
மிதிபடாத காலிஃபிளவர் இலை பொறுக்குவது, இருக்கட்டும்.
எந்த இலை குழம்பில் இனிக்கும் என்பது, வேண்டாம்.

பிறகு பெயர்.
ஙுன் தியால்.
அரசு மருத்துவமனைச் சீட்டில் நகுன்.
வீட்டு வாடகை ரசீதில் நூன்.
ஒரு கம்பவுண்டர் நாகின், நாகின் என்று கூப்பிட
வரிசை முழுக்க மகுடி ஊதிக் காட்டியதாம்.
அன்று மருந்து வாங்காமலே திரும்பியிருக்கிறாள்.

நான் சொன்னேன், மூக்கின் உள்ளிருந்து,
ஒரே தடவையில்.
அவள் இலை நறுக்குவதை நிறுத்தினாள்.
எப்படி என்றான் பியாக்.

எப்படி என்றால்,
எங்கள் நெடுங்கணக்கில் அது இருக்கிறது.
ககர வரிசைக்கு அடுத்த வரிசை.
ஙி ஙீ ஙு ஙூ என்று
ஒரு சொல்லும் தெரியாமல் கத்தியிருக்கிறோம்.
தங்கம், சங்கு, எங்கே,
எப்போதும் ககரத்தின் தோளில் சாய்ந்தே நிற்கும் இனம்.
தனியே நின்று ஒரு சொல்லைத் தொடங்கி
நான் பார்த்ததில்லை.
ஙு-வுக்குச் சாய்ந்து நிற்கும் வேலைகூட இல்லை.
எடுத்துவிடலாம் என்றவர்கள் உண்டு.
நியாயந்தான், யாருக்குப் பயன்?
ஆனாலும் இருநூற்று நாற்பத்தேழில்
அதற்கும் ஒரு கட்டம் விட்டுவைத்தார்கள்,
எதற்கென்று தெரியாமலே.
விகாஸ்புரி மாடியிலிருந்து ஒருத்தி
வந்து கேட்பாள் என்று
எந்த இலக்கணக்காரர் கண்டார்.

உடன்படிக்கையின் இருபத்தேழாம் பிரிவு,
சிறுபான்மையினர்க்குத் தம் மொழி, தம் சமயம், தம் வழக்கம்
மறுக்கப்படலாகாது என்கிறது.
கொடு என்று சொல்லத் துணியாத வாக்கியம்.
கோழைத்தனம் என்று நினைத்திருந்தேன்.
இன்றும் பாதி அப்படித்தான்.
மற்றப் பாதி,
அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மாலையில் அலுவலகத்திலிருந்து ஒரு திருத்தம்:
பாதுகாப்பு கருதிப் பெயரை நீக்கவும்.
நீக்கினேன்.
என்., பெண், நாற்பத்தொரு வயது.
தமிழ்க் கண்ணுக்கு அது
என் பெண் என்று தெரிந்தது ஒரு நொடி.
யாருடைய பெண்?

மேலே எழுதியதும் அவள் பெயரில்லை.
முதல் எழுத்து மட்டும் நிஜம்.

எண்ணிப் பார்த்தால் அறுநூற்றுத் தொண்ணூற்றெட்டு.
இரண்டு சொல்லுக்கு இடம் இருந்தது.
சிலுவையைப் பிடுங்கிய பத்தியின் கடைசியில்
அவள் சிரித்தாள் என்று சேர்த்து அனுப்பிவிட்டேன்,
பன்றிக்கொட்டில் இல்லாமலே.

ஏன் சிரித்தாள் என்று
யாராவது கேட்டு எழுதட்டும்.